வேலைக்குப் போகிற கோழி

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறேன். தையல் கொஞ்சம் விலகியிருந்தாலும், லைனிங்கில் ஊசிமுனை அளவுக்குப் பொத்தல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. கண்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவேன். அம்பு ஒட்டிய ஷூ திரும்பிப் போய், சரியாகி, மறுபடியும் என் மேசைக்கு வரவேண்டும். லைனில் இருக்கிற பெண்கள் எனக்கு 'அம்பு அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தனகோடி என்று அப்பா ஆசையாக வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்க முடிகிறது.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றி மாட்டிவிடலாம். கண்ணைக் கழற்றி வைக்க முடியாது. வீட்டுக்காரர் கன்னியப்பனிடம் நான் கண்ட குறைகளை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பாலாற்றில் தண்ணீர் வந்துவிடும். அதனால் மூன்று மட்டும் சொல்கிறேன். துணி காயப்போட்டால் உட்புறத்தை வெளியே திருப்ப மாட்டார். ஒரு கேள்வி கேட்டால் அரைமணி நேரம் கழித்து, நான் கேள்வியையே மறந்த பிறகு, பதில் சொல்வார். மூன்றாவது, நடையில் மகா சோம்பேறி. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு நாலடி பின்னால்தான் வருவார். கல்யாணமான புதிதில் கூடவே வரச்சொல்லிப் பார்த்தேன். சரி என்பார், ரெண்டு நிமிடத்தில் மறுபடியும் பின்னால் போய்விடுவார். பதினேழு வருடமாக ஊருக்கு முன்னால் நான் தனியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

அவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் செய்கிறார். முழுத் தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள்கம்பி கீறிய கோடு எங்கே என்று பார்த்து, அந்த இடங்களை விட்டுவிட்டு நல்ல இடமாக வெட்டி எடுப்பது அவர் வேலை. மிஞ்சுகிற தழும்புத் துண்டுகளை சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றில் பொம்மை செய்வார். ஷூவின் நாக்கு, யானைக்குக் காது. லேஸ் கோக்கிற பித்தளை வளையம், குதிரைக்குக் கண். தழும்பு இருக்கிற பக்கத்தை உள்ளே மறைத்துத் தைக்கலாம் அல்லவா? மாட்டார். தேடிப் பிடித்து வெளியே வைப்பார். முதலைக்கு முதுகு முழுக்க உண்ணித் தழும்பு.

செய்ததோடு விடமாட்டார், பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுப்பார். ஆபித் பாஷா என்று கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற தோஸ்த் ஒருவர், புது கேமரா வாங்கியபோது பழையதை இவர் கையில் கொடுத்துவிட்டார். அதிலிருந்து யானை ஏலகிரி மலைப்பாதை வளைவில் லாரிக்கு வழிவிட்டு நிற்கிறது. முதலை பாலாற்று மணலில் படுத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறது. குதிரை, ஆற்காடு பஸ்ஸின் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

இதில் எதையும் நான் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வஞ்சனை ஒன்றும் இல்லை, தொழில் பழக்கம். செக்கிங்கில் நல்ல ஷூவுக்கு யாரும் வாய் திறக்க மாட்டோம். அம்பு ஒட்டாமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம், அவ்வளவுதான் பாராட்டு. இவருடைய பொம்மைகளையோ அப்படித் தள்ளவும் முடியாது. எதை எடுத்தாலும் எங்கேயாவது ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்தப் படங்கள் ஆபித் பாஷாவின் போன் வழியாக ஊர் சுற்றி புஷ்ராவிடம் போய்ச் சேர்ந்தன. சென்னையில் டிசைன் படித்துவிட்டு வந்த பெண். அவளுடைய அப்பாவின் பழைய தோல் மண்டி பஜாருக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. அதன் மாடியில் வடக்குப் பார்த்து வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். தோலைத் தரம் பிரிக்க வெயில் ஆகாது, வடக்கு வெளிச்சம்தான் வேண்டும் என்று வைத்த ஜன்னல்கள். சனி, ஞாயிறு ரெண்டு நாள் அங்கே ஒரு கண்காட்சி என்று அவளே முடிவு செய்துவிட்டாள். பதினோரு பொம்மை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் படம்.

அதற்கு ஒரு வாரம் முன்னால், நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது கன்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தனம், ஒண்ணு கேக்கணும்."

"இன்னாங்க?"

"அந்த ரெண்டு நாளு மட்டும் அம்பு எடுத்துனு வராத."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் காரணம் சொன்னபோது கோபப்பட முடியவில்லை. பெங்களூரில் குழந்தைகளுக்காக ஒரு பொம்மை மியூசியம் நடத்துகிற இஷ்தியாக் அகமது என்பவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அங்கே, தானாக நடக்கிற பொம்மைகளுக்கென்று ஒரு தனி அறை திறக்கப் போகிறார்கள். இவர் செய்த கோழி நடக்கிற வீடியோவை புஷ்ரா அவருக்கு அனுப்பியிருந்தாள். நேரில் நடந்து காட்டினால் கோழி அந்த அறைக்குப் போகும், பக்கத்தில் பலகையில் கன்னியப்பன், ஆம்பூர் என்று எழுதி வைப்பார்கள்.

இருபத்து நாலு வருடமாக இவர் தோல் வெட்டுகிறார். இவர் வெட்டிய தோல் எந்தெந்த நாட்டிலோ நடந்துகொண்டிருக்கிறது, எதிலும் இவர் பெயர் கிடையாது. "பேரு போடுவாங்களா?" என்று கேட்டேன். "போடுவாங்க" என்று உடனே பதில் சொன்னார். அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, மனிதர் இதை எவ்வளவு ஆசைப்படுகிறார் என்று. அம்பு ஒட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். கன்னியப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு தூணோரம் நின்று, யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகள் எல்லாம் கோழியிடம்தான் நின்றன. கொழுத்த பழுப்புக் கோழி. கழுத்தை முன்னால் நீட்டி, தரையில் ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி குனிந்து பார்க்கும். சாய்வாக வைத்த பலகையின் உச்சியில் நிறுத்தி லேசாகத் தொட்டால் போதும், இடதும் வலதுமாக ஆடி ஆடி டக்கு டக்கு என்று கீழே வரைக்கும் தானே நடந்து வரும். சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. அட்டையில் 'வேலைக்குப் போகிறவள்' என்று எழுதியிருந்தார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் கண் போகிற இடத்துக்குப் போயிற்று. கோழியின் பாதம் ரெண்டும் ஷூவுக்கு அடியில் வைக்கிற கெட்டித் தோலில் செய்தவை. வலது பாதம் நேராக இருந்தது. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, பார்த்தால் தெரிகிற அளவுக்கு. ஒட்டும்போது கவனிக்கவில்லை போலிருக்கிறது. நான் மட்டும் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்திருந்தால் இந்தக் கோழி வீட்டைவிட்டே வெளியே வந்திருக்காது.

சாயங்காலம் எங்கள் லைனில் இருந்து மெர்சி நாலு பேரோடு வந்தாள். கோழியைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். மெர்சி ஒருத்தியின் இடுப்பில் இடித்தாள். எல்லோரும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் கிட்டே போனதும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்னாடி சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லக்கா. கோழி சூப்பரா இருக்குது."

அந்த 'ஒண்ணும் இல்ல' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? கோணல் காலைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரை நான் ஆயிரம் சொல்வேன், அது என் உரிமை. மெர்சி சிரிக்கக் கூடாது. நாளைக்குப் பெங்களூர்க்காரர் வந்து இதே காலைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துவிட்டுப் போனால் இந்த மனிதர் என்ன ஆவார்?

ஞாயிறு காலையில் இஷ்தியாக் அகமதை அழைத்துவர கன்னியப்பன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். கூட்டிப் பெருக்குவதற்காக மண்டியின் சாவி என்னிடம் இருந்தது. முழுசாக ஒரு மணி நேரம், கோழியும் நானும் மட்டும். நான் வாக்குத் தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். அம்பு ஒட்ட மாட்டேன் என்றுதான் சொன்னேன். சரிசெய்ய மாட்டேன் என்று எங்கேயும் சொல்லவில்லை.

வீட்டிலிருந்து சின்னக் கத்தியும், தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவும் கொண்டுவந்திருந்தேன். இடது பாதத்தை நோகாமல் பிரித்தேன். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிதாகத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, வலது பாதத்துக்குச் சரிசமமாக வைத்து அழுத்தி, மேலே ஒரு செங்கல்லை ஏற்றி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ரெண்டு காலும் அளவெடுத்த மாதிரி நேராக இருந்தன. எனக்கே என் கையை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

நடக்கவிட்டுப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. எங்கள் வேலையில் அது கிடையாது. நடந்தால் தாங்குமா, வளைந்தால் உடையுமா என்பதெல்லாம் லேப்காரர்கள் பாடு, அதற்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். செக்கிங்குக்குக் கண்ணும் விரலும்தான். பதினாறு வருடத்தில் நான் பாஸ் செய்த ஒரு ஷூவைக்கூட நான் காலில் போட்டுப் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்கு வந்தார்கள். புஷ்ராவும், கண்காட்சி பார்க்க வந்த ஏழெட்டுப் பேரும் கூடவே மாடிக்கு வந்தார்கள். இஷ்தியாக் அகமது அறுபது வயதிருக்கும் ஒல்லி மனிதர். வாணியம்பாடியில் பிறந்தவராம், தமிழில் நன்றாகப் பேசினார். யானையையும் முதலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், படங்களுக்கு முன்னால் நின்று நிதானமாகச் சிரித்தார். கடைசியில் பலகைக்கு எதிரே செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இதுக்குத்தாம்பா வந்தேன். வுடுங்க, நடக்கட்டும்."

கன்னியப்பன் கோழியை உச்சியில் நிறுத்தி லேசாகத் தொட்டார். கோழி ஒரு அடி வைத்தது. அடுத்த அடிக்கு ஆடியது, சாய்ந்தது, அலகு இடிபடக் கவிழ்ந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடியும் கவிழ்ந்தது. பலகையைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தார், கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார். ஆறாவது தடவை பலகையிலிருந்தே உருண்டு இஷ்தியாக் அகமதின் கால் பக்கம் போய் விழுந்தது.

கன்னியப்பன் அதை எடுத்துத் திருப்பி அடியில் பார்த்தார். ஒட்டியிருந்த சுத்தத்தைப் பார்த்ததுமே இது யார் கை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒட்டுனது இளகிடுச்சு சார்" என்றார். "எம்மேலதான் தப்பு. சரியா பாக்கல."

"நேத்து நல்லாத்தான் நடந்துச்சு" என்று புஷ்ரா பதறினாள்.

இஷ்தியாக் அகமது எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கன்னியப்பனின் தோளைத் தட்டினார். "பரவால்ல. சரி பண்ணி வீடியோ அனுப்புங்க. ரூம் அடுத்த வாரம் திறந்துடுவோம், அதுக்கப்புறம் எப்பவாச்சும் பாப்போம்."

எப்பவாச்சும் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கன்னியப்பன் தலையை ஆட்டினார். கோழியைப் பக்கத்தில் இருந்த ஒரு பெட்டிமேல் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அதன் முதுகில் அப்படியே வைத்திருந்தார். இவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். பழியை எடுத்து அவர் தலையில் போட்டுக்கொண்டால் நான் எங்கே போவது?

"சார், அது நான் பண்ண வேலை" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"காலு கோணலா இருக்குதுன்னு நான்தான் காலைல பிரிச்சு நேரா ஒட்டுனேன். அவரு பண்ணது சரியாத்தான் நடந்துச்சு. எனுக்கு அரைமணி நேரம் குடுங்க சார், எப்டி இருந்துச்சோ அப்டியே வெச்சுத் தர்றேன்."

"உடு தனம்" என்றார் கன்னியப்பன்.

"இன்னாத்துக்கு உடணும்? எவ்ளோ திருப்பி வெச்சீங்க, அளவு சொல்லுங்க."

"அளவு இல்ல. ஒடம்பு மொத்தமும் அந்தக் காலுக்கு ஏத்த மாதிரி சாச்சு தெச்சது. கண்ணால பாத்து வெச்சேன்."

"எத்தப் பாத்து?"

வழக்கம்போலப் பதில் இல்லை. இஷ்தியாக் அகமது கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, எனக்கு இரக்கம் காட்டியோ என்னவோ, மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். புஷ்ரா மக்கன் பேடா இனிப்புத் தட்டை அவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அளவு இல்லையென்றால் படம் இருக்கிறது. பழைய பாதம் எந்தக் கோணத்தில் இருந்தது என்று பார்ப்பதற்காகக் கோழிக்குப் பின்னால் மாட்டியிருந்த படத்தின் கிட்டே போனேன். சனிக்கிழமை முழுக்க அந்த ஹாலில் இருந்தும் நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. தொட்டுப் பார்க்க முடியாத பொருளில் எனக்கு அக்கறை கம்மி.

ஆம்பூர் ஸ்டேஷன் மேம்பாலம், காலை ஏழே முக்கால் மணி, கம்பெனிகளுக்குப் போகிற கூட்டம். தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, பின்னாலிருந்து எடுத்திருக்கிறார். படம் முழுக்கக் கால்கள், செருப்புகள், கோட்டு நுனிகள். நடுவில் கோழி, கழுத்தை நீட்டிக்கொண்டு, எல்லோரையும் முந்துகிற மாதிரி வேலைக்குப் போகிறது. அதன் இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. நான் அந்தக் கோணத்தை விரலால் அளந்தேன். அளந்தபோதுதான் கோழிக்கு அப்பால், கொஞ்சம் மங்கலாக, நடந்து போகிற ரெண்டு கால்கள் கண்ணில் பட்டன.

முதலில் செருப்பைத்தான் அடையாளம் கண்டேன். பழுப்புச் செருப்பு, இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்தது. எனக்கு எந்தச் செருப்பு வாங்கினாலும் இடது பக்கம் அப்படித்தான் தேயும், ஒவ்வொரு தடவையும் அதைச் செய்த கம்பெனியைத் திட்டுவேன். செருப்புக்கு மேலே என் பச்சைக் கோட்டு. கோட்டுக்குக் கீழே என் வலது கால் நேராகப் போகிறது. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. கோழிக்கும் எனக்கும் ஒரே கோணம்.

ஒன்பது வயதில், எங்கள் ஊர் கலவையில், பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து விழுந்தேன். கட்டுப்போட்டார்கள், ரெண்டு மாதத்தில் ஓட ஆரம்பித்துவிட்டேன், அதோடு மறந்துவிட்டேன். கால் இப்படித் திரும்பி நின்றுவிட்டது என்று அம்மா சொன்னதில்லை, அண்ணன் சொன்னதில்லை. அடுத்தவர் ஷூவில் ஊசிமுனைப் பொத்தலைப் பிடிக்கிற நான், நாற்பத்தொரு வயது வரைக்கும் என் நடையை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு வழியும் இல்லை, யாரும் தன் முதுகுக்குப் பின்னால் நின்று தன்னைப் பார்க்க முடியாது.

"இது நானா?" என்று கேட்டேன்.

கன்னியப்பன் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் புஷ்ரா. "அல்லா, நான் தெரியும்னு நெனச்சேன். நேத்து உங்க லைன் ஆளுங்க எல்லாம் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டாங்களே. அப்டியே அம்பு அக்கா நடைன்னு சொல்லி சொல்லி நடக்க வுட்டாங்க."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கே தெரிந்த கோழியா நான்? ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கால்களுக்கு நடுவில் அந்தக் கோழி எவ்வளவு ரோஷமாகப் போகிறது. யாருக்கும் வழிவிடுகிற எண்ணமே அதற்கு இல்லை. கோணல் காலை எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை, அந்தக் காலில்தான் பாரத்தைப் போட்டு அடுத்த அடிக்குப் போகிறது. அதைத்தான் நான் காலையில் கத்தி வைத்துப் பிரித்து, பசை தடவி, செங்கல்லை ஏற்றி நேராக்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்துப் பேருக்கு முன்னால் அழுவது பிடிக்காது, அதனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தியை எடுத்தேன்.

பாதத்தைப் பிரித்தாயிற்று. எந்த அளவுக்குத் திருப்புவது? படத்தில் பார்த்த கோணத்தை நம்ப முடியாது, கேமரா சாய்வாக இருந்திருக்கிறது. கன்னியப்பன் ஒரு பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்தார்.

"செருப்ப கழட்டிட்டு நில்லு."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

நின்றேன். அவர் என் காலடியில் மண்டிபோட்டு உட்கார்ந்து, ஷூவுக்கு அளவு எடுக்கிற மாதிரி பென்சிலால் ரெண்டு பாதத்தையும் சுற்றி வரைந்தார். இடது பாதத்துக்கு வந்தபோது பென்சில் என் சுண்டுவிரலில் பட்டுக் கூசியது. இஷ்தியாக் அகமது பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காகிதத்தைவிட்டு இறங்கியதும் குனிந்து பார்த்தேன். ஆமாம், திரும்பித்தான் இருக்கிறது. கேள்வியே இல்லை.

அந்தக் கோட்டை வைத்து நானே ஒட்டினேன். காயும்வரை எல்லோரும் பேடா தின்றோம். பிறகு கன்னியப்பன் கோழியைப் பலகைக்கு எடுத்துக்கொண்டு போனார். உச்சியில் நிறுத்தினார், தொட்டார்.

டக்கு. ஆடியது. டக்கு. ஆடியது. கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு பலகை முழுவதும் நடந்து, கீழே வந்து, தரையிலும் ரெண்டு அடி வைத்து இஷ்தியாக் அகமதின் முழங்காலில் முட்டி நின்றது.

அவர் அதைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்தார், மறுபடியும் கோழியைப் பார்த்தார். "இத நான் கொண்டு போறேன். இந்தப் படமும் வேணும், ரெண்டும் சேர்ந்துதான் இருக்கணும். என்ன கன்னியப்பன் சார்?"

கன்னியப்பன் கோழியை அவரிடமிருந்து வாங்கினார். "செக்கிங் முடியாம அனுப்ப மாட்டேன் சார்" என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். தலை, கழுத்து, தையல், பாதம். இடது கணுக்காலில் பொட்டு அளவுக்கு ஒரு பசைக் கறை இருந்தது. என் கையால் வந்த கறை. கை தன்பாட்டுக்குப் பைக்குள் போயிற்று. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எடுத்துவராதே என்று அவர் கேட்டிருந்தும் ஸ்டிக்கர் பையிலேயேதான் இருந்தது. விரலில் அந்த அட்டை தட்டுப்பட்டது. கன்னியப்பன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடமாக ஒவ்வொரு பொம்மையையும் முடித்துவிட்டு இப்படித்தான் நின்றிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சரியாக இருந்த காலரை இழுத்துக் கோணலாக்கினார் என்றுதான் சொல்லவேண்டும். நான் அதைச் சொல்லவில்லை.

பலகையில் பெயர் எப்படிப் போடவேண்டும் என்று இஷ்தியாக் அகமது எழுதி வாங்கிக்கொண்டார். அவரை புஷ்ரா வண்டியில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். நாங்கள் மண்டியைப் பூட்டிவிட்டு, சாப்பிட்டு வரலாம் என்று வீட்டுக்குக் கிளம்பினோம்.

பஜாரில் நான் முன்னால் போனேன். நாலு கடை தாண்டியதும் நடை எனக்கே புதிதாக இருந்தது. நேராக வைத்து நடந்து பார்த்தேன், இடுப்பு வலித்தது. விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வழக்கம்போல நாலடி பின்னால் வருகிறார்.

"இன்னிக்காச்சும் கூட வாங்களேன்."

சரி என்று வந்தார். பூக்கடை வரைக்கும் பக்கத்தில் நடந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்விட்டார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"எத்தப் பாத்து வெச்சேன்னு கேட்டியே."

"ஆமா."

"இப்டி வந்தாத்தான் தெரியும். பக்கத்துல வந்தா தெரியாது."

நான் நின்றேன். பதினேழு வருடம், எத்தனை பஜார், எத்தனை கல்யாணம், எத்தனை பஸ் ஸ்டாண்ட். கண் கலங்கியதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று திரும்பாமலே சொன்னேன்.

"சரி, பின்னாடியே வாங்க."

வீடு வரைக்கும் கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.